பூண்டுக்காட்டில் ஒரு பின்சக்கரம்

பூண்டியில் எங்கள் கீழ்க்காடு ஒரு பருவம் சும்மா கிடந்தது. "பூண்டு நடுற வரைக்கும் என்னமும் பண்ணிக்கலே" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து இப்படி ஒரு உத்தரவு வருவது லேசில் நடக்காது. அன்றைக்கே மண்வெட்டியை எடுத்து ஒரு மேடு கட்டினேன். சைக்கிளில் வேகமாக அதில் ஏறி, அந்தரத்தில் பாய்ந்து, கீழ்ப் பாத்தியில் இறங்க வேண்டும். நடவுக்கு முன்னால் ஒரு தடவையாவது காலை ஊன்றாமல் சுத்தமாக இறங்கிவிட வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

பின்சக்கரம்தான் கழுத்தறுத்தது. இறங்கும்போதெல்லாம் ரிம் கோணும். கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுப்பேன். மறுநாள் மறுபடி கோணும். கடைசியில் கம்பிகள் அறுந்தே போயின.

சிக்னல் கிடைக்கும் வளைவில் நின்று போனில் தேடினேன். படத்தில் எல்லாச் சக்கரமும் அழகுதான். ஒன்றின் அச்சு என் சைக்கிளில் சேராது, இன்னொன்றில் டிஸ்க் பிரேக் மாட்ட இடமில்லை. எல்லாம் சேர்ந்து வந்தால் அந்த விலைக்குப் பழைய மொபெட்டே வாங்கிவிடலாம். எடை குறைவு என்று பெருமை வேறு. குறைந்த எடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தொப்பென்று விழுகிறவனுக்குக் கெட்டியான சக்கரம்தான் வேண்டும். இரட்டைச் சுவர் ரிம், முப்பத்தாறு கம்பி, நட்டு போட்டு இறுக்கும் அச்சு. கட்டுப்படியாகும் விலையில் ஒன்று சிக்கியதும் பணத்தைக் கட்டினேன்.

கூரியர் எங்கள் ஊருக்கு ஏறாது, கொடைக்கானலோடு சரி. அங்கிருந்து எது வந்தாலும் கேரட் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில்தான் வரும். தட்டையான பெட்டியைக் கண்டதும் லாரிக்காரர்கள் அடியில் போட்டு, மேலே கோழி எரு மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் ரிம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. நாற்றம் வேறு.

"மூட்டயத் தாங்காத சக்கரமா ஒன்னயத் தாங்கப் போகுது?" என்றார் அப்பா.

"நிக்கிற சக்கரம் வேற, படுத்த சக்கரம் வேறப்பா" என்று கத்தினேன். அவர் எரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நடுவிலிருந்த ஹப் மட்டும் பிழைத்திருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு பழனி பஜாருக்கு இறங்கினேன். சைக்கிள் கடை பாய் பால்காரர்கள் வாங்கும் சக்கரத்தைக் காட்டினார்.

"ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கும் தம்பி. இத விடக் கெட்டியா என்ன வேணும் ஒங்களுக்கு?"

"பால் கேன் பறக்காது பாய்."

பாய் சிரிக்கக்கூட இல்லை. இந்த ஹப்பிலேயே கெட்டி ரிம் போட்டுக் கட்டித் தாருங்கள் என்று கெஞ்சினேன். அந்த நீளத்தில் கம்பி கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமாம். நாளைக்கு, நாளன்னைக்கு என்று என்னைப் பழனியிலேயே போட்டு இழுத்தடித்தார். வீட்டில் அதற்குள் நடவுக்கு விதைப்பூண்டைப் பல் பல்லாக உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாவுக்குப் போன் அடித்து, "என் மேட்ட மட்டும் தொட்றாதீங்கப்பா" என்றேன். சரி என்றார்.

ஒருவழியாகச் சக்கரம் கைக்கு வந்தது. பஸ் கூரையில் போடச் சொன்ன கண்டக்டரிடம் சண்டை பிடித்து, அத்தனை வளைவுக்கும் அதைத் தோளில் மாட்டியபடி நின்றுகொண்டே வந்தேன். இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே காட்டுக்கு ஓடினேன்.

அப்பா வரப்பில் கை கழுவிக்கொண்டிருந்தார். "மழ வருதுன்னாங்க, வெரசா நட்டு முடிச்சாச்சு. ஒன் மேட்டுல ஒருத்தரையும் கை வைக்க விடல பாரு" என்றார், பெருமையாக.

நிஜம்தான். மேடு கட்டினது கட்டினபடி நின்றது. அதற்கு ஓடி வரும் தடத்தைக்கூட விட்டுவைத்திருந்தார். தாண்டி நான் இறங்க வேண்டிய பாத்தி முழுக்கப் பூண்டு.

"நான் எங்கனப்பா எறங்குறது?" என்றேன்.

அப்பா மேட்டைப் பார்த்தார். பிறகு பாத்தியைப் பார்த்தார்.

"நீ மேல போனதும் நான் கண்ண மூடிக்கிருவேன்லே" என்றார். "எங்கன எறங்குவன்னு எனக்கு எப்படித் தெரியும்?"