கல்வெர்ட்டிலிருந்து பன்னிரண்டு எட்டு

சூசைநாதன் சம்மட்டியை ஓங்கினால் ஒரே அடியில் இரும்புக் குச்சி அரை அடி மண்ணுக்குள் இறங்கும். மண் சோதனைக் கம்பெனியில் பதினாறு வருஷம் அந்த வேலைதான் பார்த்தார். பக்கத்துக் குச்சியை அடித்தவன் நான். அவரைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான்.

குடியிருந்தது பூன் லேயில். ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் பூசை, பிறகு தேக்கா மார்க்கெட்டில் ஒரு தேத்தண்ணி, நேரே வீடு. நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால் மற்றவர்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாக மயானத்துக்குப் போவார்கள். இவர் கோயில் வாசல் சிலுவையடியில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்.

"உங்களுக்கு யாரும் இல்லையாண்ணே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"இருக்காரு. எங்கன்னுதான் தெரியல."

எண்பத்து நான்காம் வருஷம் செங்காங் பக்கம் ஒரு வேலை வந்தது. கீரைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த சமயம். அங்கே பெரிய கால்வாய் வெட்ட வேண்டும். ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் அது ரப்பர் தோட்டம். சரளைக்கல் கொட்டி எட்டடி அகலத்தில் ஒரு ரோடு போட்டிருந்தார்களாம். அதன் வளைவில், அடியில் தண்ணீர் போகக் கருங்கல்லில் கட்டிய கல்வெர்ட். பிற்பாடு மேலே மண் கொட்டிப் பாத்தி கட்டியதில் ரோடும் கல்வெர்ட்டும் பூமிக்கடியில் போய்விட்டன. மெஷின் கல்வெர்ட்டில் மோதுவதற்குள் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ரோட்டைப் பிடித்தால் கல்வெர்ட்டைப் பிடித்துவிடலாம்.

வழி இதுதான். பத்தடிக்கு ஒரு இடமாக நாலு குச்சிகளை வரிசையாக அடித்து, ஒயர் மாட்டி, மின்சாரம் விடுவோம். ஈர மண்ணில் அது சுலபமாக ஓடும். கல்லில் தடுமாறும். கல் இருந்தால் மீட்டர் முள் மேலே ஏறும். தள்ளி, குடைக்குக் கீழே உட்கார்ந்து முள்ளைப் படித்து எழுதுபவர் அப்துல் அலீம். படித்தவர், எங்களைவிட இருபது வயது சின்னவர்.

முதல் நாள் லாரியிலிருந்து இறங்கியதும் சூசைநாதன் அசையாமல் நின்றார்.

"வேலு, நான் பொறந்த தோட்டம் இது. ஜப்பான்காரன் காலத்துல அப்பா காய்ச்சல்ல போயிட்டாரு. பெட்டி கெடைக்கல, பாய்ல சுத்துனோம். அந்த வளைவுலதான் பொதைச்சோம். குழிய நான்தான் வெட்டுனேன். கல்வெர்ட்டுலேர்ந்து பன்னண்டு எட்டு, மேட்டுப் பக்கம். எண்ணி வச்சேன்."

சண்டை முடிந்து அவர் தேடி வந்தபோது ரோடே கண்ணில் படவில்லையாம். இப்போது அந்த நிலத்தில் சமாதி உள்ளவர்கள் மாதக் கடைசிக்குள் இடத்தைக் காட்டினால் தோண்டி எடுத்து மாற்றித் தருவதாகப் பேப்பரில் அறிவிப்பு வந்திருந்தது. காட்டாவிட்டால் கால்வாயோடு போய்விடும்.

"அலீம்கிட்ட சொல்லுங்கண்ணே."

"சொன்னா, சொந்த வேலை பாக்க வந்தான்னு வேற எடத்துக்கு மாத்திருவாங்க. ரோடு மட்டும் தெரியட்டும்."

ஆறு நாள் அடித்தோம். தோட்டக்காரச் சீனத்தி "சாயூர்! சாயூர்!" என்று கீரையைக் காட்டிக் கத்திக்கொண்டே எங்கள் பின்னால் வந்தாள். ஆறாம் நாள் சாயங்காலம் அலீம் வரைபடத்தை லாரிமேல் விரித்தார்.

"இங்க ரோடே இல்லண்ணே. எல்லாம் ஒரே மண்ணு."

"நல்லாப் பாருங்க தம்பி."

"ஏறாத முள்ள நான் ஊதியா ஏத்த முடியும்? நாளைக்கு மூட்டை கட்டலாம் லா."

மாதம் முடிய நாலு நாள் இருந்தது. சூசைநாதன் தினமும் செய்வதுபோல, வளைந்த குச்சிகளைக் கல்மேல் வைத்துத் தட்டி நிமிர்த்த உட்கார்ந்தார். இரண்டை நிமிர்த்தினார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"வேலு, எல்லாம் ஒரே மண்ணுன்னா இது எதுல மோதி வளைஞ்சுது?"

குச்சி கல்லில் முட்டினால் பிடுங்கி, ரெண்டு எட்டு பின்னால் போய் அடிப்பது எங்கள் வழக்கம். ஜூரோங்கில் பாறையின் ஆழம் பார்க்கிற வேலையில் ரெண்டு எட்டு யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. இங்கேயும் கை பழக்கத்தில் அதையே செய்துவிட்டோம். ரோடு தட்டுப்பட்ட இடத்திலெல்லாம் அதை விட்டு விலகி, பக்கத்துப் பாத்தியை அளந்து கொடுத்திருக்கிறோம். குடைக்குக் கீழே இருந்த அலீமுக்கு இது தெரியாது.

"சொல்லாதீங்கண்ணே. ஆறு நாள் வேலை பாழுன்னா சீட்டக் கிழிச்சிருவாங்க" என்றேன்.

அவர் எழுந்து அலீமிடம் சொல்லப் போய்விட்டார். நானும் பின்னால் போனேன்.

கேட்டதும் அலீம் கத்தினார். "ஆறு நாளுண்ணே! தள்ளி அடிக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல தம்பி. பதினாறு வருஷப் பழக்கம். கல்லக் கண்டா கால் தானாப் பின்னால போயிடுது."

"பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. ஏன் சொல்றீங்க?"

அப்போதுதான் சூசைநாதன் தன் அப்பா விஷயத்தைச் சொன்னார். அலீம் வரைபடத்தைச் சுருட்டினார்.

"காலையில ஏழு மணிக்கு வாங்க. குச்சி எறங்கலன்னா தண்ணிய ஊத்தி அங்கயே அடிங்க. ஒரு எட்டு தள்ளுனீங்க, சம்மட்டிய நான் பிடுங்கிருவேன்."

மறுநாள் முள் ஏறியது. அதற்கடுத்த நாளும் ஏறியது. ஒன்பது பாத்திகளுக்குக் குறுக்கே ஓடி, வாத்துக் குட்டையோரம் ரோடு வளைந்தது. வளைவில் மூன்றடி தோண்டியபோது மண்வெட்டி கருங்கல்லில் மோதியது.

சூசைநாதன் கல்வெர்ட்மேல் நின்று மேட்டுப் பக்கம் பன்னிரண்டு எட்டு வைத்தார். நின்றார். தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"அப்ப எனக்குப் பன்னண்டு வயசு" என்றார்.

பூட்ஸைக் கழற்றினார். ஐம்பத்து மூன்று வயது மனுஷன், தடித்த உடம்பு, சின்னச் சின்ன எட்டாக வைத்து நடந்தார். வாய் மட்டும் எண்ணியது. முன்பு நின்ற இடத்துக்குப் பத்தடி முன்னாலேயே பன்னிரண்டு முடிந்துவிட்டது.

அலீம் தாமே குச்சிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பக்கத்துல அடிச்சுப் பாத்துறலாம்ணே. கெளறுன மண்ணுன்னா வித்தியாசம் காட்டும்."

"வேணாம் தம்பி. அவர் மேல குச்சி அடிக்க வேணாம்."

கழுத்துத் துண்டை அங்கே விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார்.

மாதக் கடைசி நாள், பேப்பரில் சொன்னபடி அரசாங்க இலாகா ஆட்கள் வந்து தோண்டினார்கள். நாலடியில் மண் கறுத்தது. கால் எலும்பு, சில பற்கள், பச்சை பூத்துப்போன ஓர் அந்தோனியார் பதக்கம். பதக்கத்தை அவர் சட்டையில் துடைக்கவில்லை. மண்ணோடேயே பையில் போட்டுக்கொண்டார்.

ஆறு நாள் பாழானதற்குக் கம்பெனி அவரிடமிருந்து சம்மட்டியை வாங்கிக்கொண்டு ஸ்டோருக்கு அனுப்பியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பு முழுவதும் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அந்த நவம்பரில் அவர் சிலுவையடியில் நிற்கவில்லை. காலையிலேயே, அப்பாவின் எலும்புகளை மாற்றிப் புதைத்திருந்த சுவா சூ காங் மயானத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

எண்பத்தெட்டில் நெஞ்சுவலி வந்து இறக்கும்வரை ஸ்டோரில்தான் இருந்தார். யாராவது வளைந்த குச்சியைக் கொண்டுவந்து போட்டால் சும்மா வாங்க மாட்டார்.

"இது எந்த எடத்துல வளைஞ்சுது? புக்குல எழுதுனியா? போ, எழுதிட்டு வா."