தாண்டவராயன் வீட்டு காஸ் லீக்

புதுப்பட்டினத்தில் தாண்டவராயன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார் என்ற செய்தி பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. தெருவில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் கையோடு டம்ளரையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, இஞ்சி சோடா மாரி கீது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் ஒருத்தரும் வரவில்லை. அந்த வீட்டில் ஒருத்தி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தும் வராத கால்கள், பீர் என்றதும் வந்தன. சொல்லி என்ன ஆகப்போகிறது, ஊர் அப்படித்தான்.

அது இஞ்சி பீர். இஞ்சியைத் துருவி, சர்க்கரை போட்டு, நாலைந்து நாள் பொங்க விட்டு, வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, எஃகுப் பீப்பாயில் ஊற்றிக் குளிர வைத்து, அதற்குள் காஸ் ஏற்ற வேண்டும். போதை என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு அதில் எதுவும் கிடையாது. அதைக் குடிக்கிற ஆளும் ஒரே ஆள்தான், தாண்டவராயனின் மனைவி யோகேஸ்வரி.

இருவருமே சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் பிறந்தவர்கள். தாண்டவராயனுக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. யோகேஸ்வரி மீன் கூடையை விடவில்லை. புருஷன் கவர்மெண்ட் உத்தியோகம் பார்க்கும்போதே குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக நடந்து வஞ்சிரமும் சங்கராவும் விற்றாள். பிள்ளை இல்லை. அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. கணையத்தில் புற்று என்றார்கள். சென்னையில் ஆறு மாதம் அலைந்த பிறகு, "வூட்டுக்குக் கூட்டிகினு போங்க, வலி தெரியாம பாத்துக்குங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வந்த முதல் வாரம் வலி தாங்காமல் அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. மாத்திரைக்கும் மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் அவளை யாராலும் பார்க்க முடியாது. மூன்றாம் நாள் தாண்டவராயனால் பொறுக்க முடியவில்லை. சுவரில் தலையைத் தலையை முட்டிக்கொண்டார். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. பக்கத்து வீட்டு சுஜாதாதான் ஓடிவந்து துணியை வைத்து அழுத்திக் கட்டினாள். கட்டிலில் இருந்தபடி யோகேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் மறுபடியும் சென்னைக்குப் போய்த் திரும்பும்போது, பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக நிற்கிற ஒரு ஜூஸ் கடையில் வண்டியை நிறுத்தினார்கள். அங்கே பீப்பாயில் இருந்து குழாய் வழியாக இஞ்சி பீர் பிடித்துக் கொடுத்தார்கள். யோகேஸ்வரி அரை டம்ளர் குடித்தாள். வாந்தி வரவில்லை. வீடு வரும்வரை முனகக்கூட இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறம் அவள் சத்தமே போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, அமைதியாகப் படுத்திருந்தாள்.

தாண்டவராயன் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. இஞ்சி பீர் உள்ளே போனால் வலி அடங்குகிறது. பாட்டில் சோடா வாங்கிக் கொடுத்துப் பார்த்தார், அது வெளியே வந்துவிட்டது. ஆக, பொத்தேரிச் சரக்குதான் மருந்து. பரீட்சை லீவில் அந்தக் கடையை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பத்தொன்பது லிட்டர் பீப்பாய் ஒன்றையும், செய்முறையையும் வாங்கிக்கொண்டு வந்தார். பைத்தியக்காரத்தனம் என்று நீங்களும் நானும் சொல்லலாம். அந்த வீட்டு நிசப்தம் அவருக்கு என்னவாக இருந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

காஸ் சமாச்சாரத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷம் அவர் பார்த்த வேலையே கசிவு பிடிப்பதுதான். கண்ணுக்கும் மூக்குக்கும் சிக்காத ஒழுக்கை மிஷின் வைத்துத் தேடி, இந்த இணைப்பில் போகிறது என்று விரல் வைத்துக் காட்டுகிற ஆள். வெல்டிங் கடைக்காரர் ஒருத்தர் ஆக்ஸிஜன் ரெகுலேட்டரை எடுத்து நீட்டியபோது, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். கார்பன் டை ஆக்ஸைடுக்கென்றே செய்த, அழுத்தம் காட்டும் இரண்டு முள் உள்ள ரெகுலேட்டராகத் தேடி வாங்கினார். ஒரு முள் சிலிண்டருக்கு, ஒன்று பீப்பாய்க்கு. பானம் திரும்பி ரெகுலேட்டருக்குள் ஏறிவிடாமல் நடுவில் ஒரு செக் வால்வு. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் புது நைலான் வாஷர். கழுத்தில் அடித்திருக்கும் டெஸ்ட் தேதியைப் பார்க்காமல் சிலிண்டரைத் தொட மாட்டார். சிலிண்டரைப் படுக்க வைக்கவும் விட மாட்டார், உள்ளே திரவமாக இருப்பது ரெகுலேட்டரில் பாய்ந்துவிடும் என்று. தட்டுகளைக் கழற்றிய பழைய ஃபிரிட்ஜுக்குள் பீப்பாய், பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய சிலிண்டர்.

முதல் நாள் கட்டிலை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போட்டு யோகேஸ்வரிக்கு எல்லாவற்றையும் விளக்கினார். சுஜாதாவும் நின்று கேட்டாள். பீப்பாய் மூடியில் உள்ள வளையத்தை இழுத்தால் காஸ் புஸ்ஸென்று வெளியே போகும், அப்போது பின்கதவு திறந்திருக்க வேண்டும், மூடிய அறையில் இந்த காஸ் மூச்சை அடைத்துவிடும் என்றெல்லாம் சொன்னார். மனிதர் முகத்தில் அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் களை தெரிந்தது.

சிலிண்டர் ஒரு மாதம் வர வேண்டும். ஐந்தாம் நாள் காலி.

சோப்புத் தண்ணீரைக் குழைத்து இணைப்பு இணைப்பாகத் தடவினார். ஒரு குமிழி வரவில்லை. பீப்பாய் மூடியின் ரப்பர் வளையங்களை மாற்றினார். குழாயை மாற்றினார். செங்கல்பட்டைத் தாண்டிப் போய் பன்னீர்செல்வத்தின் பட்டறையில் காஸ் பிடித்துக்கொண்டு வந்தார். போக வர, வரிசையில் நிற்க என்று நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் சுஜாதா வந்து யோகேஸ்வரியுடன் இருந்தாள்.

நாலாம் நாள் மறுபடியும் காலி. திரவம் தீரும்வரை முள் அசையாது, எடைதான் உண்மை சொல்லும் என்பது அவருக்குத் தெரியும். யோகேஸ்வரியின் மீன் தராசை உத்தரத்தில் கட்டி, தினமும் இரண்டு வேளை சிலிண்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தார். காலையில் பால் வாங்கவும் இஞ்சி வாங்கவும் மார்க்கெட்டுக்குப் போகும்போது எடை சரியாக இருக்கும். வந்து பார்த்தால் ஒரேயடியாக இறங்கியிருக்கும். மெயின் வால்வை இறுக்கி மூடிவிட்டுப் போனார். அப்போதும் இறங்கியது. சிலிண்டரைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி, தரையில் குந்தி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். குமிழியே இல்லை. அந்த மாதிரி ஒரு ஒழுக்கை அவர் தன் சர்வீஸில் கண்டதில்லை.

தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. அணு உலைக் குழாயில் கசிவு பிடித்தவனுக்கு இஞ்சிப் பீப்பாயில் பிடிக்கத் தெரியவில்லையே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். காஸ் இல்லாத பானத்தை அவள் தொட மாட்டாள், தொடாவிட்டால் வலி வரும், வலி வந்தால் அந்தச் சத்தம் வரும். அதை இன்னொரு முறை கேட்டால் தான் உயிரோடு இருக்கப்போவதில்லை என்று உறுதியாக நம்பினார். ரெகுலேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து ஒருநாள் அழுதே விட்டார்.

"இன்னாய்யா, ஒரு சிலிண்டருக்குப் போயி" என்றாள் யோகேஸ்வரி, கட்டிலில் இருந்து.

"எங்க போவுதுன்னே தெரியலடி. எல்லாம் டைட்டா கீது. ஆனா போவுது."

"போனா போவட்டும். போயி புடிச்சிகினு வா."

"உன்ன வுட்டுட்டு நாலு நாளைக்கு ஒருவாட்டி அவ்ளோ தூரம் போறதாடி? நா ஒண்ணு பண்றேன். ரெண்டு சிலிண்டரா வாங்கிப் போட்டுர்றேன்."

"ரெண்டெல்லாம் வாணாம்" என்றாள் சட்டென்று. அதைச் சொல்லும்போது அவள் முகம் மாறியதை, வீண் செலவுக்குக் கவலைப்படுகிறாள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை, ஐந்தாம் தடவையாகக் காலிச் சிலிண்டரை மொபெட்டில் கால்களுக்கு நடுவே நிறுத்தி, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினார். திருக்கழுக்குன்றம் வந்தபோது பன்னீர்செல்வம் போன் பண்ணினான். மாமல்லபுரம் ஓட்டல்களுக்கு லோடு ஏற்றிக்கொண்டு தானே அந்த வழியாகத்தான் வருவதாகவும், தேரடிப் பக்கம் நின்றால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னான். நின்றார். வேன் வந்தது. காலியைக் கொடுத்துவிட்டு நிறைந்த சிலிண்டர் இரண்டாகவே வாங்கிக்கொண்டார். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் பெட்டியில். இனிமேல் உன்னை விட்டு எங்கேயும் போக மாட்டேன் என்று அவளிடம் சொல்லப் போவதை நினைத்துக்கொண்டே வண்டியை விரட்டினார். கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில் தெருமுனைக்கு வந்துவிட்டார்.

அங்கேயே கேட்டது.

முதல் வாரத்தில் கேட்ட அதே சத்தம். இல்லை, அதைவிடப் பெரிது. அம்மாவைக் கூப்பிட்டாள், கடலைக் கூப்பிட்டுத் திட்டினாள், சாமியைக் கெட்ட வார்த்தையில் ஏசினாள். நடுவில் மூச்சு வாங்குவதற்கு மட்டும் நின்றது. தாண்டவராயன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். வாசல் கேட்டில் சுஜாதா உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் பதறி எழுந்து, இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாண்ணா, அதுக்குள்ள வந்துட்ட?"

"வுடும்மா. உள்ள அவ..."

"போவாதண்ணா. இப்ப போவாத. அக்கா கொஞ்சம் கத்திக்கட்டும்."

அவருக்குப் புரியவில்லை. கேட்டைத் தள்ளினார். அவள் விடவில்லை.

"நீ வூட்ல இருந்தா அக்கா வாயத் தொறக்காதுண்ணா. பல்லக் கடிச்சிகினு கெடக்கும். அன்னிக்கு நீ செவுத்துல முட்டிக்கினத பாத்துச்சில்ல, அதுலருந்துதான். ஆனா அடக்கி அடக்கி வெச்சா தாங்கல அதுக்கு. கத்துனா கொஞ்சம் எறங்குதாம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சிலிண்டர தொறந்து, அந்த வளையத்த இழுத்து வுட்டது நாந்தாண்ணா. நீ மார்க்கெட்டுக்குப் போனதும் அக்கா சொல்லும், நா தொறந்து வுடுவேன். நீ சொன்ன மாரி பின்கதவ தொறந்து வெச்சிட்டுத்தான். நாலு மணி நேரம் நீ வர மாட்டல்ல. அதுக்காவ."

தாண்டவராயன் கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே சத்தம் நிற்கவில்லை. அவர் காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. பீப்பாய் பீப்பாயாகத் தான் காய்ச்சிய மருந்து ஒரு வலியையும் ஆற்றவில்லை என்பது ஒவ்வொரு அலறலாக அவருக்குள் இறங்கியது. இத்தனை நாள் அந்த வீட்டில் இருந்த அமைதி, தனக்காக அவள் விழுங்கியது. கொன்றுபோட்டது போல இருந்தது அவருக்கு.

சத்தம் ஓய்ந்து, சுஜாதா உள்ளே போய் மாத்திரை கொடுத்துவிட்டு வந்து தலையசைத்த பிறகும் அவர் எழவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் கழித்து, தெருமுனைக்கு நடந்துபோய் வண்டியை எடுத்து, ஹாரன் அடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

யோகேஸ்வரி முகம் கழுவி, தலை வாரிப் படுத்திருந்தாள். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து வைத்ததைப் பார்த்தாள்.

"ரெண்டா?" என்றாள். குரல் கட்டிப் போயிருந்தது.

"ஆமா. வழியிலயே குடுத்தான்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவர் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அடுப்படியின் பின்கதவை அகலத் திறந்து வைத்தார். சிலிண்டரின் வால்வைத் திறந்தார். பீப்பாய் மூடியின் வளையத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருஷம் ஒரு குமிழி வெளியே போகவிடாமல் காத்த கை அது. ரெகுலேட்டர் மேல் வெள்ளையாகப் பனி பூத்தது. விரல் மரத்துப் போனது. ஒன்று தீர்ந்ததும் வாஷரை மாற்றி அடுத்ததைப் பூட்டினார்.

"இன்னா சத்தம் அது?" என்று கட்டிலில் இருந்து கேட்டாள்.

"காஸு. மறுபடியும் லீக்கு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அவர் வெளியே வந்து அவள் கால்மாட்டில் நின்றபோது, அவள் அவரைப் பார்த்த பார்வையை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"பாத்து போய்ட்டு வா" என்றாள். "அவசரப்படாத."

சுஜாதாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினார். பட்டறையில் பன்னீர்செல்வம் இரண்டு காலிச் சிலிண்டரையும் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான்.

"இன்னா சார், நேத்துதான குடுத்தேன். அதுக்குள்ள ரெண்டுமா? செட்டையே கொண்டாந்து குடு சார், நா பாத்து லீக்க அடைச்சுத் தர்றேன்."

"வாணாம்பா" என்றார் தாண்டவராயன். "அது அப்பிடியே இருக்கட்டும்."

"சரி, வண்டியில இரு சார். பத்து நிமிஷத்துல புடிச்சிக் குடுத்துடுவேன்."

அவர் பட்டறை வாசலில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"முன்னால வந்தவங்களுக்கெல்லாம் புடிச்சிக் குடு" என்றார். "எனக்கு மத்தியானத்துக்கு மேல குடுத்தா போதும்."