நெற்றிக்கு ஏறிய கண்ணாடி

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கிப் பிள்ளைகளின் பார்வையைச் சோதித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கண்ணாடி கொடுப்பது அவள் வேலை. பதினேழு வருஷமாகிறது. பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு; எங்கே போனாலும் கண்ணாடியம்மாதான். ஒரு தோளில் லென்சுப் பெட்டி, மறு தோளில் சட்டங்கள் அடுக்கிய பை. ஒரு காலத்தில் இரண்டையும் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஓடியவள், இப்போது படிக்கட்டைக் கண்டாலே நின்று மூச்சு வாங்குகிறாள்.

சோதிப்பது பெரிய காரியமில்லை. கொடுத்ததைப் போடவைப்பதுதான் உயிரை வாங்கியது. அந்தப் பள்ளியின் ஏழாம் வகுப்பில் பதினான்கு பேருக்குக் கொடுத்திருந்தாள். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு மூக்கிலும் கண்ணாடியில்லை. ஒருத்தியுடையது உடைந்துபோயிற்றாம். ஒருவனுடையதைத் தங்கச்சி ஒளித்துவைத்துவிட்டாளாம். மற்றவர்களுடையது பைக்குள் பத்திரமாக இருக்கிறதாம். டீச்சர் அதட்டியதும் எடுத்து மாட்டினார்கள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் கழற்றினார்கள்.

"நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்காதுங்கம்மா. அவ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று டீச்சர் கடைசி பெஞ்சைக் காட்டினார்.

அங்கே இருந்தவளுக்கு ஆசிரியர்கள் வைத்திருந்த பேர் ராங்கி. ஒரு திங்கட்கிழமை அவள் ஷூவில் மஞ்சள் கயிறு கோத்து வந்தாளாம். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பில் பாதிக் கால்களில் மஞ்சள் கயிறு. பையை ஒற்றைத் தோளில் தொங்கவிட்டாள். எல்லாப் பைகளும் ஒரு பக்கம் சாய்ந்தன. முதன்முதலில் கண்ணாடியோடு வந்த பெண்ணைப் பார்த்து 'சோடாபுட்டி' என்றதும் அவள்தான். அந்த ஒரு சொல்லுக்குப் பதினான்கு கண்ணாடிகளும் பைக்குள் போய்விட்டன.

வீட்டில் கண்ணாடியம்மா இதைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது அவள் கணவர் துணி மடித்துக்கொண்டே, "உன் பேச்சை நானே கேக்கறதில்ல, அதுங்களா கேக்கப்போகுது?" என்றார். சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் வகுப்பு முழுவதற்கும் மறுசோதனை. மாடியில் ஒரு காலி அறையை ஒதுக்கித் தந்தார்கள். ராங்கியின் முறை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்று, சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையை மேல்வரியிலிருந்து அடிவரிவரை தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். கண்ணாடியம்மா பென்சிலைக் கீழே வைத்தாள். பெண் சொன்னதெல்லாம் பழைய அட்டையின் எழுத்துகள். அது கிழிந்துபோய், போன வாரம்தான் வேறு அட்டை வந்திருந்தது.

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"எப்போ இருந்து மனப்பாடம் பண்ணிச் சொல்றே?"

ராங்கி கட்டியிருந்த கைகளைத் தொங்கவிட்டாள். பிறகு, "மூணாம் வகுப்புல இருந்து" என்றாள். கரும்பலகையில் எழுதுவதை எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டதற்கு, பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதுவதாகச் சொன்னாள். இத்தனை நாள் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அதே சொல் தன்மேல் திரும்பும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வேறு நாளாக இருந்தால் கண்ணாடியம்மா புத்தி சொல்லியிருப்பாள். அன்று அதற்குத் தெம்பில்லை. சட்டங்களை மேஜைமேல் பரப்பி, "உன்கிட்டக் கெஞ்ச என்னால முடியலடி. பிடிச்சா ஒண்ணு எடு, இல்லன்னா கிளம்பு" என்றாள்.

ராங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். யாருமே சீந்தாமல் இரண்டு வருஷமாகப் பையின் அடியில் கிடந்த தடித்த பச்சைச் சட்டத்தை எடுத்தாள். சோதனை லென்சுகளை மாட்டிவிட்டதும் எதிர்ச்சுவரையே வெறித்தாள்.

"அந்தக் கடிகாரத்துல இன்னொரு முள்ளு ஓடுதே" என்றாள் மெதுவாக.

பச்சைக் கண்ணாடி தயாராகி அவள் கைக்குப் போன மூன்றாம் வாரம், கண்ணாடியம்மா அந்த வகுப்பின் வாசலில் அசந்து நின்றாள். பதினான்கில் பதினொன்று மூக்கில் இருந்தன. சந்தோஷப்பட நேரமில்லை. பச்சைதான் வேண்டும் என்று ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. கண் நன்றாகத் தெரிகிற ஐந்து பேர் திடீரெனத் தலைவலி என்று வரிசையில் நின்றார்கள். அதில் ஒருத்தி, உள்ளங்கை அகலமிருந்த முதல் எழுத்தையே தப்பாகப் படித்தாள். ஐந்து பேரையும் முறைப்படி சோதித்து, உங்களுக்குக் கண்ணாடி வேண்டாம் என்று சொல்வதற்குள் மத்தியானம் போய்விட்டது. ஒருத்தி அழுதேவிட்டாள்.

அலுவலகத்தில் மேலதிகாரி அவளைப் பாராட்டினார். எல்லாப் பள்ளியிலும் இப்படி ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்து, பார்வை நன்றாக இருந்தாலும் வெறும் கண்ணாடி மாட்டிவிடலாமே என்று யோசனை சொன்னார். நல்ல கண்ணில் எதையும் மாட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அவர் முகம் சுண்டிப்போனது.

அடுத்த முறை போனபோது பதினொரு கண்ணாடிகளும் அப்படியே இருந்தன. மூக்கில் அல்ல, தலையில். ராங்கி தன்னுடையதை நெற்றிக்கு மேலே ஏற்றி முடிக்குள் செருகியிருந்தாள்; வகுப்பே அப்படிச் செருகிக்கொண்டு, கண்ணை இடுக்கிக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை. காலியாக இருந்த ஒரு பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, ராங்கியைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டாள்.

"மூக்குல போட்டா வலிக்குது ஆன்ட்டி."

மூக்கின் இருபக்கமும் சிவந்து கன்றியிருந்தது. சட்டம் அழுத்தியிருக்கிறது. பதினேழு வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் இதை வாயைத் திறந்து சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். தானும் கேட்டதில்லை. சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காதுப்பிடியைத் தளர்த்தி, சட்டத்தை விரித்து, மாட்டிப் பார்க்கச் சொன்னாள். ராங்கி மூக்கைச் சுளித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒருத்தி தலையிலிருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அவள் பின்னால் இன்னொருவன். வலிக்கிறவர்கள், வலிக்காதவர்கள், கண்ணாடியே இல்லாத இரண்டு பேர் உட்பட வரிசை வாசல்வரை நீண்டது.

"தள்ளாம நில்லுங்க" என்று சொல்லி, அவள் அடுத்த கண்ணாடிக்குக் கையை நீட்டினாள்.