எர்த் வேறு செக்‌ஷன்

தலை நரைக்கும்வரை ரயில்வேயில் டெலிபோன் கேபிள் இழுத்து ஓய்வு பெற்ற வெஸ்லி, மாரெட்பள்ளி வீட்டில் மகளுக்கு இன்டர்நெட் வயர் போட வெளியாளைக் கூப்பிடுவாரா? அதைவிடச் செகந்திராபாத் ஜங்ஷனையே வாடகைக்கு விட்டுவிடலாம்.

கடைக்காரர் சாதா கேட் சிக்ஸ் வயரை எடுத்துப் போட்டார். முறுக்கிய நாலு ஜோடிக் கம்பி, மேலே பிளாஸ்டிக் தோல், அவ்வளவுதான். வீட்டுக்கு இதுவே தாராளம் என்றார். வெஸ்லிக்கு அது சட்டை போடாமல் மழையில் நிற்கிற பிள்ளையாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஃபாயில், மொத்தத்துக்கும் மேல் கம்பிவலை என்று இரட்டைக் கவசம் போட்ட ரகத்தை வாங்கிவந்து, மாடிவீட்டுக்கும் பொதுவான போர்வெல் மோட்டாரின் கரண்ட் வயர் போகிற அதே பைப்பில் இழுத்தார். கவசம் இருக்கையில் என்ன பயம்?

மோட்டார் ஓடும்போதெல்லாம் ஜெமிமாவின் மீட்டிங் அறுந்தது.

"டாடி, மறுபடி போச்சு! மேனேஜர் முன்னாடி மீன் மாதிரி வாயை மட்டும் அசைச்சிட்டிருந்தேன்."

"உங்க கம்பெனி பக்கம்தான்மா கோளாறு. என் கேபிள்ல கொசுகூட நுழையாது."

"சாதா வயர் போட்டுப் பாக்கலாம்ல?"

"நக்கோ, வேணவே வேணாம்! கண்டதெல்லாம் உள்ள வரும்."

"இன்னொரு வாட்டி கட் ஆனா பெங்களூர் ஆபீஸுக்கு வந்துடுன்னுட்டாங்க. அப்புறம் நீங்களே சமைச்சு நீங்களே குறை சொல்லிக்குங்க."

மனைவி போனபின் அந்த வீட்டில் குரல் என்று இருந்தது ஜெமிமாவும் குக்கரும்தான். அன்று மாலை அவள் கடைக்குப் போனதும், வெஸ்லி கேபிள் நுனியிலிருந்த உலோகத்தைத் தொட்டார். விரல் சுரீரென்றது.

அப்போதுதான் உறைத்தது. கவசம் பிடிக்கிற இரைச்சலை மண்ணுக்குள் இறக்க எர்த் வேண்டும். இல்லையென்றால் கவசமே ஏரியலாகி, ஊர் இரைச்சலை உள்ளே அழைத்து உட்கார வைக்கும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய சமாசாரம்தான். ஆனால் சர்வீஸ் முழுக்க எர்த் போட்டது எலெக்ட்ரிகல் செக்‌ஷன்; அதில் கைவைத்தால் மெமோ வரும். வீட்டிலும் அப்படியொரு செக்‌ஷன் இருப்பதாக அவர் கைகள் நம்பியிருந்தன. பழைய வீட்டுப் பிளக் பாயின்ட்டிலோ எர்த்துக்கான மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம்; பின்னால் கம்பியே கிடையாது.

ஜெமிமா திரும்பி வந்தாள். "என்ன டாடி, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா." இவ்வளவு பேசிவிட்டு எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை, அவள் சர்ச்சுக்குப் போகிற நேரத்தில், சத்தமில்லாமல் சாதா வயராக மாற்றிவிடலாம் என்று வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமையே மாடிவீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டார். மீட்டிங் அறுந்தது.

வெஸ்லி கடைக்கு ஓடி, சாதா வயரை வாங்கிவந்து தரையோடு போட்டார். ஜெமிமா அதை லேப்டாப்பில் சொருகி மேனேஜரைக் கூப்பிட்டாள். வெஸ்லி கதவருகே நின்றார். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேச்சு ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை. ஒன்றாம் தேதி பெங்களூரில் சேர்ந்துவிடுவதாக அவள் சொன்னது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது.