காஜா மொய்தீன் பார்த்த நெஞ்சுப் படம்

சூலியா தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் காஜா மொய்தீனுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. குடும்ப வாட்சப் குழுதான். பல வருடங்களுக்கு முன் சொந்தக்காரப் பையன் ஒருவன் இருபது காசு நாணயத்தை விழுங்கிவிட்டான். எக்ஸ்ரேயில் அது வட்டமாக, பளிச்சென்று தெரிந்தது. "இதோ காசு" என்று முதலில் சொன்னவர் இவர். அதற்குக் கண் இருந்தால் போதும். ஆனாலும் அன்றிலிருந்து குடும்பத்தில் யாருக்கு நெஞ்சுப் படம் எடுத்தாலும் முதலில் இவர் கைப்பேசிக்குத்தான் வரும். இவரும் கடைக்கு வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கித் தீர்ப்பு சொல்வார். பெரும்பாலும் 'கிளியர்' என்பதுதான் தீர்ப்பு. படத்தில் எது நுரையீரல், எது இருதயம் என்பதில் அவருக்கு லேசான குழப்பம் உண்டு. அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

போன மாதம் தம்பி ஜாஹிரின் மனைவி ஷஹீரா, இரண்டு வயது மகன் ஐமானை இவர் கடையில் விட்டுவிட்டுக் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனாள். பிள்ளைக்குச் சரியாக மெல்லத் தெரியாது, கச்சாங் கடலை மட்டும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஊருக்கே புத்தி சொல்கிறவருக்குத் தம்பி பெண்டாட்டி புத்தி சொல்வதா? தான் கொறித்துக்கொண்டிருந்த வறுத்த கச்சாங்கில் இரண்டைப் பிள்ளையின் வாயில் போட்டார். பிள்ளை சிரித்தது, அடுத்த நொடியே புரையேறி முகம் சிவந்தது. பயந்துபோய் முதுகில் தட்டினார். இருமல் நின்றது. ஷஹீரா திரும்பி வந்தபோது ஒன்றுமே நடக்காதது போல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாளே ஐமானுக்கு மூச்சு இழுத்தது. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் குழுவுக்கு வந்ததும் காஜா மொய்தீன் வேலையைப் போட்டுவிட்டு அதில் கச்சாங்கைத் தேடினார். காணோம். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கிளியர்லா, ஏர்கோன் குளிர்ல பிடிச்ச சளிதான்" என்று எழுதினார். உடனே ஆளுக்கொரு கட்டைவிரல் காட்டிப் பாராட்டினார்கள். படமே தன்னை விடுதலை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

பிள்ளைக்கு இழுப்பு மட்டும் நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆலோசனை சொல்ல காஜா மொய்தீனும் கூடவே போனார். டாக்டர் நிலானி படத்தைப் பார்த்தார், பிள்ளையின் வலது நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். ஏதாவது தின்னும்போது புரையேறியதா என்று ஷஹீராவிடம் விசாரித்தார். அவள் இல்லை என்றாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

"படத்துலதான் ஒண்ணும் இல்லையே டாக்டர்," என்றார் காஜா மொய்தீன்.

"காசு, ஊசின்னா தெரியும். கச்சாங் எல்லாம் எக்ஸ்ரேல தெரியாதுங்க. உள்ள போன காத்து வெளிய வராம நிக்குதான்னுதான் பார்க்கணும். புரையேறினத யாரும் பார்க்கலைன்னா முதல்ல ஆஸ்துமா மருந்து குடுத்து ரெண்டு நாள் பார்ப்போம்."

இரண்டு நாள். ஐமான் விலா உள்ளே ஒடுங்க ஒடுங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். காஜா மொய்தீன் பிள்ளையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இத்தனை வருடப் பெருமை லேசில் வாயைத் திறக்க விடவில்லை.

"நான்தான் குடுத்தேன்," என்றார். அவருக்கே கேட்காத குரல். டாக்டர் மறுபடி கேட்டார். "கச்சாங். புரையேறுச்சு."

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. பிள்ளையை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து இன்னொரு படம் எடுத்தார்கள். கீழ்ப்பக்கம் இருக்கும் நுரையீரல் அமுங்கிச் சுருங்க வேண்டும். ஐமானுடையது ஊதிய பலூன் மாதிரி அப்படியே நின்றது. அன்று மாலையே மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழலுக்குள் கருவியை விட்டு, அரைக் கச்சாங்கை வெளியே எடுத்தார்கள். பிள்ளை கண் விழித்துப் பால் கேட்டது.

காஜா மொய்தீனுக்கு அழுகை வந்தது. அழுகையோடு பழைய பேச்சும் வந்துவிட்டது. அந்த முதல் படத்தில் எப்பேர்ப்பட்ட ஆளாலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று ஜாஹிருக்கு விளக்க ஆரம்பித்தார்.

பிள்ளையின் கட்டிலோரம் இருந்த ஷஹீரா தலையைத் திருப்பினாள்.

"படத்துக்குத்தான் தெரியாது அண்ணே," என்றாள். "உங்களுக்குத் தெரியுமே."