விளங்கினால் பிழை

லண்டன் நியூ மோல்டனில் கொரியன் சாப்பாட்டுக்கடை ஒன்றின் குசினிக்கு, கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோவா வெட்டும் வேலைக்கு நகுலேஸ்வரி வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. கணவர் அம்பலவாணன் அதற்கு முந்திய மாரியில்தான் காலமாகியிருந்தார். ஜேர்மனியில் வூப்பற்றால் நகரத்துச் சலவைக்கூடமொன்றில் நெடுங்காலம் வேலை செய்தவள் அவள். பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கவேண்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்குப் பெயர்ந்தாள். பிள்ளைகளும் படித்து, கல்யாணம் முடித்து, ஹரோப் பக்கம் போய்விட்டார்கள். கையில் கொஞ்சம் ஜேர்மன் இருந்தது, அதைவிடச் சற்றுக் குறைவாக இங்கிலீஷ் இருந்தது. வீட்டில் இருந்தால் சுவரோடுதான் பேசவேண்டும் என்ற பயமும் இருந்தது.

முதலாளி பெக் தென்கொரியர், சோல் நகரத்து மனிதர். நல்லவர், பொறுமை மட்டும் கிடையாது. முதல் நாளே குசினி வாசலில் நின்று, "பல்லி, பல்லி!" என்று கத்தினார். நகுலேஸ்வரி கத்தியை வைத்துவிட்டு நாலு சுவரையும் தேடினாள்.

அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கடைப் பெடியன் றமணன் சிரிப்பை அடக்கமுடியாமல் மூட்டையையே கீழே வைத்துவிட்டான். "அக்கா, சுவரைப் பாத்தது காணும். கொரியனிலை அது 'கெதியா'. கெதியாச் செய்யட்டாம்."

பெக்கின் கொரியன் பேச்சில் பாதி இங்கிலீஷ். ஆனால் அது இங்கிலாந்தில் ஒருவரும் பேசாத இங்கிலீஷ். சனிக்கிழமை சனம் நெருக்கும்போது "பைற்றிங்!" என்று முழங்குவார். முதல் தடவை அதைக் கேட்டு நகுலேஸ்வரி கரண்டியோடு முன்பக்கம் ஓடினாள். "ஆர் சண்டை பிடிக்கிறாங்கள்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. உங்களுக்குத் தைரியம் சொல்லுறார்" என்றான் றமணன்.

இன்னொரு நாள், லீவில் 'ஐ ஷொப்பிங்' போனதாகப் பெக் சொன்னார். மறுநாள் அவள் அக்கறையோடு, புதுக் கண்ணாடி பொருந்துகிறதா என்று விசாரித்தாள். கடைகடையாகப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்புவதற்கு அது பெயராம். ஒரேயொரு சொல்லைத்தான் அவள் உடனே பிடித்தாள். பகுதிநேர வேலையைப் பெக் 'அருபைத்து' என்றார். அது வூப்பற்றாலில் அவள் நாள்தோறும் கேட்ட, வேலை என்று அர்த்தமான ஜேர்மன் சொல் 'ஆர்பைற்'. இங்கிலீஷ்காரனுக்கே விளங்காதது தனக்கு விளங்கிவிட்டது என்று அன்று முழுவதும் அவளுக்கு ஒரு மிதப்பு.

அந்த அருபைத்துக்கு ஆள் தேவை என்று பெக் கடைக் கண்ணாடியில் கொரியனில் எழுதி ஒட்டினார். அதை வாசித்து, விளங்காமல், உள்ளே வந்து "இங்கே வேலை ஏதும் உண்டா?" என்று கேட்டவள்தான் கும்சில்.

கும்சில் வடகொரியப் பெண். இளம் வயதில் இரவோடிரவாக ஆற்றைக் கடந்து சீனாவுக்குப் போய், அங்கிருந்து நாடு நாடாக ஒளிந்து இங்கே வந்தவள். பெக்கும் அவளும் பேசுவது ஒரே மொழி. ஆனால் அவளுடைய ஊர்ப் பேச்சில் இங்கிலீஷ் கலப்பே இல்லை. அங்கே தோனட்டுக்குப் பெயர் மோதிரப் பாண். பெக் ஒரு வசனம் பேசினால், நடுநடுவே பள்ளத்தில் கால் வைத்தவள் மாதிரி நிற்பாள். நின்றுவிட்டு நகுலேஸ்வரியைப் பார்ப்பாள். நகுலேஸ்வரி கையாலும் கண்ணாலும், குசினியில் பொறுக்கிய கொரியனாலும் விளக்குவாள்.

விளக்கமும் எப்போதும் சரியாக வந்ததில்லை. நாலாம் மேசைக்கு 'சேர்விஸ்' கொடு என்று பெக் சொன்னபோது, போய்ப் பக்கத்தில் நின்று கவனி என்று நகுலேஸ்வரி சைகை காட்டினாள். கும்சில் கையைக் கட்டிக்கொண்டு மேசையருகே நின்றாள். அந்த ஆட்கள் சாப்பிடாமல் அவளைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். பெக் ஓடிவந்து தலையில் கைவைத்தார். அவர் சொன்னது, காசில்லாமல் ஒரு கறி கொடுக்கச் சொல்லி.

"கொரியனுக்குக் கொரியன் படிப்பிக்கிற ஒரே தமிழ்ப் பொம்பிளை நீங்கள்தான் அக்கா" என்றான் றமணன். "அதையும் பிழையாப் படிப்பிக்கிறியள்."

"நீ மூட்டையைத் தூக்கு, வாயைத் தூக்காதை" என்றாள் அவள்.

காலம் போகப் போக இருவருக்கும் இடையே ஒரு பேச்சு உண்டானது. பெக்கின் இங்கிலீஷ்தான் அதற்கு எலும்பு. முழங்கால் நோ, பிள்ளைகள் வந்து பாராத சனிக்கிழமை, அம்பலவாணனுடைய கடைசி நாட்கள், எல்லாவற்றையும் நகுலேஸ்வரி அதிலேதான் சொன்னாள். கும்சில் அவளை 'ஒன்னி' என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம். லண்டனில் நகுலேஸ்வரி நாள்தோறும் வாய்விட்டுப் பேசியது அந்த ஒருத்தியோடுதான்.

கும்சிலுக்கு ஊரில் எண்பதைத் தொட்ட தாய் இருந்தாள். மகள் உயிரோடு இருக்கிறாளா என்பது அந்தக் கிழவிக்குத் தெரியாது. போன வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு தரகர் மூலம் வழி பிறந்தது. எல்லைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தாயைக் கூட்டிவந்து, சீனத்து டெலிபோனில் சில நிமிடம் பேசவைப்பார்கள். அகப்பட்டால் எல்லோருக்கும் சிறை. அங்கே நடுச்சாமம் நெருங்கும்போது இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை ஓய்ந்திருக்கும் நேரம்.

பேசும் நாளில் கும்சில் சாமான் அறையில் அரிசி மூட்டைமேல் இருந்தாள். நகுலேஸ்வரியையும் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். அழைப்பு வந்தது. முதலில் அவள் சொன்ன சொல்லுக்கு யாரும் விளக்கம் தரவேண்டியிருக்கவில்லை. தாயைத் தமிழர் கூப்பிடுவதுபோலத்தான் அவர்களும் கூப்பிடுகிறார்கள். பிறகு கும்சில் மூச்சுவிடாமல் பேசினாள். நகுலேஸ்வரி காதைத் தீட்டிக்கொண்டு சொற்களைப் பொறுக்கினாள். அபாத்து, அதாவது இருக்கிற ஃபிளாட்டைச் சொல்கிறாள். அருபைத்து, வேலையைச் சொல்கிறாள். ஸ்ரெஸ் இல்லையாம். ஓகே, ஓகே. விளங்க விளங்க அவள் தலையாட்டிச் சிரித்தாள்.

மறுபக்கத்தில் மெல்லிய கிழட்டுக் குரலொன்று இரண்டு வசனம் சொன்னது. கும்சில் பதறி ஏதேதோ பெயர்களைச் சொன்னாள், கூப்பிட்டாள், மன்றாடினாள். லைன் அறுந்துவிட்டது.

தாய் சொன்னதைப் பெக்தான் பிறகு கும்சிலிடம் கேட்டு இங்கிலீஷில் நகுலேஸ்வரிக்குச் சொன்னார். 'நீ தெற்கத்திக்காரி. என்ரை பிள்ளை இப்பிடிப் பேசமாட்டாள்.' தெற்கத்திப் பேச்சுக்கு அங்கே தண்டனை உண்டு. பொலிஸே ஆள் வைத்துப் பொறி வைப்பதும் உண்டு என்று கிழவி பயந்திருக்கிறாள். கும்சிலின் வாயில் வந்த அந்தச் சொற்கள் பெக்குடையவை.

நகுலேஸ்வரி அன்றிரவு அந்தப் பேச்சை மறுபடி எண்ணிப் பார்த்தாள். தனக்கு விளங்கிய சொல் ஒவ்வொன்றும் அந்தத் தாய்க்கு விளங்காத சொல். தான் பக்கத்தில் இருந்து தலையாட்டியது அதற்குத்தான்.

தை மாதமளவில் இன்னொரு தடவை முயலலாம் என்று தரகர் செய்தி அனுப்பினார். மறுநாள் கும்சில் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒன்னி, நான் பேசப் பேச நீ கேள். உனக்கு விளங்கினால் பிழை. உடனே தட்டு."

அப்படியே நடந்தது. தாய்க்குச் சொல்லவேண்டியதைக் கும்சில் கோவாவுக்கு உப்புப் போட்டபடி சொல்லிப் பழகினாள். தெரிந்த சொல் ஒன்று காதில் பட்டால் நகுலேஸ்வரி மேசையில் கரண்டியால் தட்டினாள். கும்சில் நின்று, யோசித்து, ஊர்ச் சொல்லைத் தேடி எடுத்தாள். பெக்கும் வாயைக் கட்டிப் பார்த்தார். "ஓகே" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்துவார். மார்கழியில் நத்தாருக்குக் கிட்ட ஒரு நாள், கும்சில் தொடக்கம் முதல் முடிவுவரை சொல்லி முடித்தாள். கரண்டி ஒரு தடவையும் தட்டவில்லை.

"ஒண்டும் விளங்கேல்லை!" என்று நகுலேஸ்வரி கை தட்டினாள்.

"விளங்கேல்லை எண்டு துள்ளிக் குதிக்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றான் றமணன்.

துள்ளினாள்தான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்று உறைத்தது. தாங்கள் பேசிவந்த பெக்கின் சொற்களைக் கும்சில் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டாள். இனி முழங்காலைப் பற்றிக்கூடப் பேச இருவருக்கும் இடையில் ஒன்றும் இல்லை. மகள் ஆரணி டெலிபோனில், "அம்மா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். "குளிர்" என்றாள்.

தை போய் மாசி பிறந்தது. ஒரு மத்தியானம் கும்சிலின் டெலிபோன் அடித்தது. அவள் சாமான் அறைக்குப் போகாமல் நின்ற இடத்திலேயே எடுத்தாள். கேட்டாள். நிதானமாக, தெளிவாக, நாலைந்து வசனம் பேசினாள். டெலிபோனை வைத்துவிட்டு மறுபடி கோவாவின் இதழ்களை விரித்து உப்பைத் தூவினாள்.

நகுலேஸ்வரி முழுவதையும் காதைக் கூர்மையாக்கிக் கேட்டிருந்தாள். ஒரு சொல்லும் அகப்படவில்லை. அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஓடிப்போய்க் கும்சிலின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நல்லாக் கதைச்சாய் பிள்ளை! சத்தியமா ஒண்டும் விளங்கேல்லை! அம்மா என்னவாம்? கதைச்சவவோ?"

கும்சில் அவள் முகத்தைப் பார்த்தாள். கையை விலக்கவில்லை.

வாசலில் நின்ற பெக் இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "பேசினது தரகர். அம்மா முடிஞ்சுது. போன மாதம். நெஞ்சுச் சளி."

நகுலேஸ்வரியின் கை கும்சிலின் தோளிலேயே கிடந்தது. 'சொறி' என்ற இங்கிலீஷ் சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள். 'ஐயோ' என்றாள்.

கும்சில் உப்புக் கையைத் துடைத்துக்கொண்டு கவிழ்த்திருந்த வாளியொன்றின்மேல் இருந்தாள். பக்கத்து வாளியை இழுத்துப் போட்டாள். நகுலேஸ்வரி இருந்தாள். கும்சில் பேசத் தொடங்கினாள். தாய்க்கென்று நத்தார்க் காலம் முழுவதும் பழகிய பேச்சு அது, தொடக்கத்திலிருந்து, ஒரு பிற சொல்லும் கலவாமல், ஆறுதலாக. இடையில் ஓரிடத்தில் சிரித்தாள். ஓரிடத்தில் கேள்வி கேட்பதுபோல நிறுத்திக் காத்திருந்தாள்.

"ஓம்" என்று தலையாட்டினாள் நகுலேஸ்வரி.

கும்சில் மேலே சொல்லிக்கொண்டு போனாள்.

"ஓம், மோனை. ஓம்."