மண்ணில் இறக்கிய பால்குடம்

ஆடி மழையில் கல்வராயன் மலைப்பாதையில் மரம் சாய்ந்து கிடந்தது. ஜீப்புக்குள் என் மனைவி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்தவ ஊழியக்காரனான நான் கைகளை உயர்த்தி, "சாத்தானே, விலகிப் போ. ஆண்டவரே, உம் தூதர்களை அனுப்பும்" என்று கதறினேன். மரம் அசையவில்லை.

மரத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சள் புடவையில் பால்குடம் சுமந்து வந்த பெண்கள் நின்றார்கள். முதலில் வந்தவள் குடத்தைத் தரையில் இறக்கினாள்.

"கோயிலுக்குப் போறதுக்குள்ள கீழ வச்சா வேண்டுதல் போயிடுமேக்கா?" என்றாள் பின்னால் நின்றவள்.

"போனா போவுது. வந்து காலப் புடி."

மனைவியைத் தூக்கி, மரத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் வழியில்லாமல் நின்ற ஒரு டெம்போவில் ஏற்றினார்கள்.

"யாருக்கும்மா வேண்டுதல்?" என்றேன்.

"எம் புள்ளைக்குங்க. எழுந்திரிக்காம படுத்துக்கினே கெடக்கிறான்."

அன்று பிறந்த என் மகள் இன்று கல்லூரிக்குப் போகிறாள். அந்தப் பிள்ளை எழுந்தானா, தெரியாது. தூதர்களைக் கேட்டு வாய் திறந்தால், மழையில் நனைந்த அந்தக் குடம்தான் கண்முன் நிற்கிறது.